மறு: ஐ7-14700கே வாங்குவதா, ரைசன் 9 7900 வாங்குவதா?

வணக்கம். நிரலாக்கத்துக்கும் காணொளித் தொகுப்புக்கும் ஐந்தாண்டு உழைக்கும் கணினிச் சில்லு (செயலி) வேண்டும், பணமும் நேர்மையான நிறுவனத்துக்கே போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இன்டெலின் 14ஆம் தலைமுறைச் சில்லான ஐ7-14700கே வேண்டாம், ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 9 7900 வாங்குங்கள் என்பதே என் பதில்.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகள் பல, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதால் நாளடைவில் நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டு முதல் வந்த மைக்ரோகோடு (சில்லுக்குள் இயங்கும் அடிப்படை நிரல்) திருத்தங்கள் அதைத் தடுக்கின்றன என்றாலும், ஏற்கெனவே கெட்டுப்போன சில்லை அவை மீட்பதில்லை. எனவே, விலை குறைவென்று பயன்படுத்திய 14700கே ஒன்றை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

வேகத்தில் 14700கே சளைத்ததன்று. ஆனால் அது உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும், 7900-இன் வெப்ப வரையறையோ (டிடிபி; உச்ச மின்னிழுப்பு அன்று, வழக்கமான சுமைக்கான கணக்கு) 65 வாட்தான். உங்கள் கேமரா 4:2:2 எச்.265 காணொளி (நிற விவரம் கூடுதலாக உள்ள, சுருக்கிச் சேமிக்கும் வடிவம்) பதிவு செய்யுமானால் மட்டும் என் பதில் மாறும். அதை வன்பொருளிலேயே விரித்துத் தரும் குயிக் சிங்க் என்னும் காணொளிப் பகுதி இன்டெலிடம் உண்டு, 7900-இல் இல்லை.

நேர்மையைப் பொறுத்தவரை, போட்டியை நசுக்கியதாகத் தொடரப்பட்ட வழக்கை முடிக்க இன்டெல் 2009-இல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்தது. ஏஎம்டியும், தன் பழைய புல்டோசர் சில்லுகளின் கோர் (சில்லுக்குள் உள்ள கணக்கிடும் அலகு) எண்ணிக்கை பற்றிய வழக்கில் 2019-இல் 1.21 கோடி டாலர் தர உடன்பட்டது. இருவருடைய சில்லுகளிலும் நாம் திறந்து பார்க்க முடியாத மேலாண்மைச் செயலி ஒன்று உள்ளது என்பதே எனக்கு இவற்றைவிடப் பெரிய கவலை.