ஹஸ்கியா, ராஜபாளையமா?

வணக்கம். திருச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் மாமியார் மட்டும் வீட்டில். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஐந்து. மகள் ஒரு வருடமாக நாய் கேட்டு அழுகிறாள்; அவளுக்கு நீலக்கண் ஹஸ்கி வேண்டும். 'வளர்த்தால் நம்ம ஊர் ராஜபாளையம்தான்' என்கிறார் கணவர். மாமியார் எந்த நாயும் வேண்டாம் என்கிறார். ரேபிஸ் பயம், பூஜை அறை பற்றிய கவலை. தெரிந்த விற்பனையாளர் ஒருவர் 35 நாள் ராஜபாளையம் குட்டி இருக்கிறது, உடனே வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். என்ன செய்யலாம்?
செ., திருச்சி

அன்புள்ள செ.,

நாய்க்காக அழுகிறவள் மகள், பெருமைப்படப்போகிறவர் கணவர், பகலெல்லாம் அதோடு கிடக்கப்போகிறவர் உங்கள் மாமியார். அவருக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துத்தான் நாயைத் தேர வேண்டும். அவர் சம்மதிக்கும்வரை எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

ஹஸ்கியை இப்போதே மறந்துவிடலாம். சைபீரியாவில் பனிவண்டி இழுக்க உருவான இனம், உடம்பில் இரண்டு அடுக்கு மயிர். நாய்க்கு நம்மைப்போல உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை இறக்கும். மே மாதத் திருச்சியில், மின்வெட்டு நேரத்தில், அந்த மயிரோடு அது படும் பாட்டை யோசித்துப் பாருங்கள். மழித்துவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். மேல்மயிர் வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் பிறகு ஒழுங்காக வளராமலும் போகலாம். பக், புல்டாக் போன்ற சப்பைமூக்கு இனங்களுக்கும் நம் கோடை ஆகாது. அவற்றுக்கு இளைக்கவே மூச்சு போதாது.

கணவரின் ஆசையில் நியாயம் இருக்கிறது. 2005இல் அஞ்சல் துறை இந்திய நாயினங்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. ஆனால் அது வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த நாய். தோள் உயரம் இரண்டடியைத் தாண்டும், தினமும் ஓட இடம் வேண்டும், அந்நியரை லேசில் ஏற்காது. கூரியர்காரரும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் ஒரே லிஃப்டில் ஏறும் கட்டடத்தில் அந்தக் குணம் தினசரித் தலைவலி.

இன்னொன்றும் உண்டு. அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மை சில குட்டிகளுக்கு ஒட்டியே வரும். பின்னாளில் தோட்டத்தோடு வீடு அமைந்து கணவர் வாங்கப்போனால் இப்படிச் சோதிக்கச் சொல்லுங்கள்: குட்டியைக் கூடப்பிறந்தவற்றிடமிருந்து தனியாகப் பிரித்து, அது பார்க்காதபோது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். கூட்டத்தில் வைத்துச் சோதித்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். பக்கத்தில் நின்று கை தட்டினால் காற்று படும், தரையில் தட்டினால் அதிர்வு தெரியும், இரண்டும் ஏமாற்றும். ஒரு காது மட்டும் கேட்காததை இந்தச் சோதனை காட்டாது. நம் ஊர் இனங்களில் வேறு எது என்றால், கன்னியும் சிப்பிப்பாறையும் வீட்டுக்குள் சாதுதான், ஆனால் கண்ணில் அணில் பட்டால் கயிற்றை உருவிக்கொண்டு பறக்கும். கோம்பை முதல்முறை நாய் வளர்ப்பவருக்கு வேண்டாம்.

35 நாள் குட்டியைப் பற்றி: எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதி. காரணமில்லாமல் வைத்ததல்ல. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கூடப்பிறந்தவற்றோடு உருண்டுதான் கற்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி அதை உங்கள் மகனின் கையில் கற்கும். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் இன்னொரு ஆபத்து. வைரஸ் தொற்றிச் சில நாள் கழித்துத்தான் வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தப்பேதியும் தொடங்கும். வாங்கும்போது துள்ளிய குட்டி ஐந்தாம் நாள் துவண்டு விழுவது அதனால்தான். அப்படி ஒரு குட்டி இறந்த வீட்டில் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு அது அசையாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவ வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு என் தேர்வு காப்பகத்திலிருந்து தத்தெடுக்கும் நாட்டு நாய்: ஒன்றரை, இரண்டு வயது, பெண், கருத்தடை முடிந்தது, பதினைந்து கிலோ அளவில். நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு. குட்டி என்றால் நாளுக்கு நான்கு வேளை சோறு, மணிக்கொரு தரம் மூத்திரம், பல் விழுந்து முளைக்கும்வரை கண்டதையெல்லாம் கடிக்கும். அத்தனையும் மாமியார் தலையில். வளர்ந்த நாயின் குணத்தை முன்கூட்டியே பார்த்துவிடலாம். மூன்று முறை போய்ப் பாருங்கள், ஒருமுறை மாமியாரோடு, ஒருமுறை குழந்தைகளோடு. காதையும் பாதத்தையும் தொட விடுகிறதா, குழந்தை ஓடினால் துரத்துகிறதா, சாப்பிடும்போது ஆள் கிட்டப் போனால் உறைந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். மூலையில் ஒடுங்கிக் கிடப்பதைப் பரிதாபப்பட்டு எடுக்காதீர்கள். அதற்குப் பழகிய கை வேண்டும். வீட்டுக்கு வந்தபின் முதல் சில நாள் சாப்பிடாமல் பதுங்கினால் பதற வேண்டாம், விருந்தாளிகளை மட்டும் தவிருங்கள்.

மாமியாரின் ரேபிஸ் பயம் சரியான பயம். தடுப்பூசிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ரேபிஸ் ஊசியையும் பார்வோ முதலானவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். திரும்பப் போட்டால் கெடுதல் இல்லை. பிறகு ரேபிஸ் வருடம் தவறாமல். அப்படியும் பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், சொந்த நாய்தானே என்று விடக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். மருத்துவர் சொல்லும் தவணைகளில் ஒன்றையும் விடாதீர்கள்.

ரேபிஸைவிட அடிக்கடி உங்களை அலைக்கழிக்கப்போவது உண்ணி. ரத்தம் குடித்ததும் அது நாயை விட்டு இறங்கிச் சுவர் விரிசலிலும் கட்டில் இடுக்கிலும் ஏறிக்கொள்ளும். ஒரு பெண் உண்ணி அங்கே ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு மறுபடியும் வந்துவிட்டதே என்று அலுத்துக்கொள்பவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை. விரிசலைப் பூசி அடையுங்கள், படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசுங்கள். தினமும் காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், நெருப்பு கூடாது. எடைக்கேற்ற மாத்திரையைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். நாய் சோறு வேண்டாம் என்று படுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

சாப்பாட்டில் பெரிய சிக்கல் தயிர்சோறு. அதை மட்டும் தின்றால் புரதம் போதாது. பதினைந்து கிலோ நாய்க்குச் சமைத்த உணவு நாளுக்கு 300 முதல் 450 கிராம், இரண்டு வேளையாக. அதில் பாதியாவது முட்டை, கோழி, மீன். வெறும் கறியும் சோறும் என்றால் சுண்ணாம்புச்சத்து குறையும், அதற்கு என்ன சேர்ப்பது, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். பாசம் முற்றினால் மாமியார் சாம்பார் சாதம் பிசைந்து வைப்பார், அதற்கு இப்போதே தடை போடுங்கள். பிரியாணி எலும்பும் வேண்டாம்: வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சை, சாக்லேட், காய்ச்சலுக்கு நாம் போடும் மாத்திரைகள் நாய்க்கு விஷம்.

மகனை நாயோடு தனியே விடாதீர்கள், ஐந்து நிமிடம்கூட. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் தொடக்கூடாது, கழுத்தைக் கட்டிப்பிடிக்கக்கூடாது. நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை, அடித்து அதை நிறுத்தினால் அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும். மகளுக்குக் காலை, மாலை நடை. ஆனால் கயிறு உங்களிடமோ கணவரிடமோ இருக்கட்டும், கழிவை அள்ளும் பையை அவள் எடுத்து வரட்டும். கோடையில் காலை நடை ஏழு மணிக்குள் முடியட்டும். சாலையில் புறங்கையை வைத்து ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

பூஜை அறை எளிது. முதல் நாளிலிருந்தே வாசலில் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கதவு ஒன்றை மாட்டுங்கள். வாசற்படிக்கு ஓரடி முன்னால் நாய் நின்றதும் மாமியார் கையால் ஒரு துண்டு அவித்த முட்டை கிடைக்க வேண்டும், உள்ளே போக முயன்றால் எதுவும் கிடைக்கக்கூடாது. எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் சில வாரத்தில் கோட்டைத் தாண்டாது. முட்டையை அவர் தொடமாட்டார் என்றால் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு போதும்.