புறநகர் பெருசானா நகரத்துல நெரிசல் குறையுமா?

நகரத்தைச் சுத்தி புறநகர் வளர்ந்தா உள்ள நெரிசல் குறையும்தானேன்னு கேட்டிருக்கீங்க. வீட்டு நெருக்கடி கொஞ்சம் குறையும், ஆனா ரோட்ல குறையாது, ஏன்னா ஜனங்க தூங்குற இடம்தான் வெளிய போகுது, வேலை பெரும்பாலும் உள்ளயே இருக்கு, அதனால காலைல எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே ரோட்ல உள்ள வர்றாங்க. சரின்னு ரோட்டை அகலமாக்கினா இன்னும் தள்ளி மனை போட்டு விக்கிறாங்க, சில வருஷத்துல திரும்ப அதே டிராஃபிக்.

அமெரிக்கால 1947ல நியூயார்க் பக்கத்துல உருளைக்கிழங்கு வயல்ல லெவிட்டவுன்ங்கற புறநகரைக் கட்ட ஆரம்பிச்சாங்க, சில வருஷத்துலயே 17,000 வீட்டுக்கு மேல வந்துருச்சு. ஆனா கறுப்பினத்தவங்களுக்கு அங்க வீடு தரல, அது பெரிய அநியாயம். இப்படி வசதியானவங்க வெளிய போகப் போக பல பழைய நகரங்கள்ல வரி வருமானம் குறைஞ்சு ஸ்கூல், பஸ் எல்லாம் அடி வாங்குச்சு.

எனக்கு ரொம்ப கவலையா இருக்கறது தண்ணி. மழையை உறிஞ்சிட்டிருந்த வயல் கான்கிரீட் ஆனதும், மொட்டை மாடித் தண்ணி வாசல் வழியா ரோட்டுக்கு வந்து பள்ளத்துல இருக்கற பழைய வீட்டுக்குள்ள போகுது, கோடைல பார்த்தா பக்கத்துக் கிணறு வத்திக் கிடக்கு.

இதைத் தவிர்க்க முடியும்ங்க. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன்ல 1947லயே கைவிரல் மாதிரி ரயில் பாதை ஓரமா மட்டும் ஊரை வளர்த்து, விரல் இடுக்கெல்லாம் பச்சையா விடணும்னு திட்டம் போட்டாங்க.