எல்லாம் கனவு என்றால் எதற்குக் கோபப்படுகிறார்கள்?

அன்புள்ள ஐயா,

எனக்கு 54 வயது. மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். வீட்டில் என்னை யாரும் புரிந்துகொள்வதில்லை. சில மாதங்களாக இந்த வாழ்க்கையே ஒரு கனவு என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. புத்தகத்தில் படித்ததைச் சொல்லவில்லை, கண்ணால் பார்க்கிறேன். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கியபோது வைகைக் கரையில் நின்றேன். அத்தனை கூட்டமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது. என் கையே யாருடைய கையோ போல. பயம் வரவில்லை, ஒரு மாதிரி நிம்மதிதான்.

இதைச் சொன்னால் மனைவி, "அப்ப மத்தியானச் சோத்தையும் கனவுலயே தின்னுக்கங்க" என்கிறாள். மகன் சிரிக்கிறான். சாயங்காலம் சொக்கப்ப நாயக்கன் தெருவில் ரமண மகரிஷி சிறுவயதில் இருந்த வீட்டில் போய் உட்கார்ந்து 'நான் யார்' என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கும் கேலி. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம். கடையில் ஒரு ரூபாய் கணக்குத் தவறியதில்லை, பாக்கி வைத்தவனை ஒரு நாள் விட்டதில்லை. பேதலித்தவன் இப்படியா இருப்பான்? உறவு என்பதெல்லாம் வெறும் பெயர்தானே. திருமங்கலத்தில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு மறதி நோய். பொங்கலுக்குப் போனபோது என்னைப் பார்த்து, "நீங்க யாரு தம்பி? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அப்புறம் நான் போகவில்லை, எட்டு மாதமாகிறது. போய் என்ன ஆகப்போகிறது? அது கிடக்கட்டும். மனைவி என்னைக் கேலி செய்வதை நிறுத்த வேண்டும். இந்த உண்மையை வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது?

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டாருக்குப் புரியவைப்பதை அப்புறம் பார்க்கலாம். சோற்று விஷயத்தில் நான் உங்கள் மனைவி கட்சி. "அது கிடக்கட்டும்" என்று எழுதினீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன்.

மாதங்களை எண்ணிப் பாருங்கள். தையில் அம்மா "நீங்க யாரு" என்று கேட்டார். சித்திரையில் உங்கள் கை உங்களுக்கே அந்நியமாகிவிட்டது. பெற்றவளுக்கே தன்னைத் தெரியவில்லை என்றால், 'நான் யார்' என்று கேட்க வேதாந்தமா வேண்டும்? தாங்க முடியாத துக்கம் வரும்போது மனம் சில சமயம் நடுவில் ஒரு கண்ணாடியை இறக்கிவிடும். உலகம் தள்ளிப்போகும், கூடவே வலியும் தள்ளிப்போகும். நீங்கள் சொன்ன நிம்மதி அதுதான். பைத்தியம் என்று பயப்பட வேண்டாம். 'போல' என்று தெரிந்துதானே எழுதுகிறீர்கள். ஞானம் என்றும் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஞானம் வந்திருந்தால் பாக்கி வசூலிலும் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கும். கல்லாப்பெட்டி நிஜம், அம்மா மட்டும் கனவு என்பது எந்த ஊர் அத்வைதம்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போய் உட்காரும் வீட்டில்தான் 1896இல், 16 வயதில், ரமணருக்கு மரண பயம் வந்தது. சாவது யார், நான் யார் என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். மீதிக் கதையையும் நினைத்துப் பாருங்கள். வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனவர், அழைக்க வந்த அம்மாவிடம் வாய் திறந்து பேசாதவர்தான். அதே அம்மா பின்னாளில் அவரிடமே வந்து தங்கினார். 1922இல் அந்த அம்மாவின் கடைசி நாளில் மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், ஒரு கை நெஞ்சில், ஒரு கை தலையில், மணிக்கணக்காக.

உறவு வெறும் பெயர் என்றே வைத்துக்கொள்வோம். பெயர் போன பிறகும் உங்கள் அம்மாவிடம் ஒன்று மிச்சமிருந்ததே! யாரென்று தெரியாத ஆளிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் முதல் கேள்வியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். இரண்டாவதற்குப் பதில் சொன்னீர்களா?

மறதி நோயில் வந்தவர் யார் என்பது மறந்துபோகும். அவர் உட்கார்ந்திருந்த இதம் கொஞ்ச நேரமாவது தங்கும். போனதும் "நான் யார், சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். அண்ணன் என்று கூப்பிட்டால் அண்ணனாக இருங்கள். கண்ணாடி உணர்வு நீடித்தாலோ தூக்கம் கெட்டாலோ பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டிவிடுங்கள். சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் பஸ் ஏறுங்கள். வீட்டில் சாப்பிடாமல் போங்கள்.