கண்ணை உருட்டினால் ஆழம் தெரியுமா?

கேள்வி: எங்கள் ஊரில் ஒருவர் கண் பயிற்சி வகுப்பு ஆரம்பித்திருக்கிறார். "கண் அசைவதால்தான் மூளைக்குத் தூரம் தெரிகிறது. தினமும் கண்ணை நாலு பக்கமும் உருட்டினால் ஆழம் பார்க்கும் சக்தி கூடும், மூக்குக் கண்ணாடியையும் கழற்றிவிடலாம்" என்கிறார். என் ஒன்பது வயது மகளுக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை, பந்து பிடிக்கவும் தடுமாறுகிறாள். சேர்த்துவிடலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: வேண்டாம். அவர் சொல்வதில் கால் பங்கு உண்மை இருக்கிறது. அந்தக் கால் பங்குக்குத்தான் முழு ஃபீஸும் வாங்குகிறார்.

அது என்ன கால் பங்கு? நம் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி. ஊசியை 30 சென்டிமீட்டரில் பிடித்துப் பார்த்தால், இரு கண்களும் மூக்குப் பக்கம் திரும்பி, ஏறக்குறைய 12 டிகிரி கோணத்தில் ஊசியில் போய்ச் சந்திக்கின்றன. கிட்டே வர வர இந்தக் கோணம் கூடும். கண் தசைகள் எவ்வளவு திரும்பின என்பது மூளைக்குத் தெரியும், அதை வைத்துத் தூரத்தை ஊகிக்கவும் செய்கிறது. ஆனால் ஒரு மீட்டரிலேயே கோணம் மூன்றரை டிகிரிக்கு இறங்கிவிடும், பத்து மீட்டரில் அரை டிகிரிகூடத் தேறாது. வேலூர்க் கோட்டை அகழிக்கு வெளியே நின்று ஜலகண்டேஸ்வரர் கோவில் கோபுரத்தைப் பார்க்கும்போது உங்கள் இரு கண்களும் கிட்டத்தட்ட இணையாகத்தான் நிற்கின்றன. அங்கே கோணக் கணக்கு செல்லாது.

அப்புறம் ஆழம் எங்கிருந்து வருகிறது? இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு விரலை முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்திலும், இன்னொரு கையின் விரலை அதே நேர்க்கோட்டில் கை நீளத்துக்கும் வையுங்கள். கிட்ட இருக்கும் விரலைப் பார்த்தால் எட்ட இருப்பது இரண்டாகத் தெரியும். அப்படியே வலது கண்ணை மூடினால் அந்த இரண்டில் வலப்பக்கத்து விரல் காணாமல் போகும். இப்போது எட்ட இருக்கும் விரலைப் பாருங்கள். கிட்ட இருப்பது இரண்டாகும். வலது கண்ணை மூடினால் இம்முறை மறைவது இடப்பக்கத்து விரல்! பார்க்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் பொருள் ஒரு விதமாகவும், பின்னால் இருப்பது அதற்கு நேர்மாறாகவும் பிரிகிறது. இந்த வித்தியாசம் சிறிதாக இருந்தால் மூளை இரண்டையும் ஒட்டி ஒரே பொருளாக்கி, முன்னா பின்னா என்பதையும் சேர்த்துக் காட்டிவிடும். ஆழத்தின் மூலச்சரக்கு இதுதான். இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் 1838லேயே ஸ்டீரியோஸ்கோப் என்ற, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் கருவியை வைத்து இதைக் காட்டிவிட்டார்.

உங்கள் ஊர்க்காரர் பேசுவது அதற்கு எழுந்த மறுப்பு. கண் முன்னும் பின்னும் ஓயாமல் துழாவுவதால்தான் ஆழம் தெரிகிறது என்று அந்தக் காலத்தில் ஜெர்மன் உடலியல் அறிஞர் புரூக்கே போன்ற பெரிய ஆட்களே வாதாடினார்கள். 1841ல் ஜெர்மன் இயற்பியலாளர் டோவே ஒரு காரியம் செய்தார். இருட்டில் ஸ்டீரியோஸ்கோப் படங்களை ஒரு மின்பொறியின் வெளிச்சத்தில் மட்டும் காட்டினார். பொறி கண்மூடித் திறப்பதற்குள் அணைந்துவிடும், அதற்குள் கண் அசையத் தொடங்கக்கூட நேரமில்லை. ஆனாலும் ஆழம் தெரிந்தது. நூற்றெண்பது வருஷத்துக்கு முன்பே முடிந்த வழக்கை இப்போது குடியாத்தத்தில் அப்பீல் செய்கிறார்கள்.

அதற்காகக் கண் அசைவு வீண் என்று சொல்லவில்லை. பிம்பங்கள் ரொம்பப் பிரிந்துவிட்டால் மூளையால் ஒட்ட முடியாது. கண்கள் திரும்பி, வேண்டிய பொருளை ஒட்டக்கூடிய எல்லைக்குள் கொண்டுவர வேண்டும். இன்னொன்றும் உண்டு, பலருக்கு இது தெரியாது. இரு கண் வித்தியாசம் மட்டும் ஆழத்தின் அளவைச் சொல்லாது. அரை மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தைக் காட்டும் அதே வித்தியாசம், ஒரு மீட்டரில் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் ஆழத்தைக் குறிக்கும். ஆகவே பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தனியே தெரிய வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் அந்தத் தகவலைத் தருவதில் கண்களின் கோணத்துக்கும் பங்கு உண்டு. கண்ணை நாலு பக்கமும் உருட்டும்போது இரண்டு கண்ணும் ஒரே பக்கம் சேர்ந்து போகின்றன. இரண்டும் எதிரெதிராக மூக்குப் பக்கம் திரும்பும் இந்தக் கோணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கண்ணாடியைக் கழற்றலாம் என்பது இதைவிடப் பெரிய புளுகு. கிட்டப்பார்வை உள்ள பெரும்பாலோருக்கு விழி முன்பின்னாகச் சற்று நீண்டிருக்கும். எவ்வளவு உருட்டினாலும் அது குட்டையாகாது.

சரி, மகள் விஷயத்துக்கு வருவோம். ஊசியும் பந்தும் சேர்ந்து தடுமாறுகின்றன என்றால் முதல் வேலை கண் பரிசோதனை. லேசான மாறுகண், ஒரு கண்ணில் மட்டும் பவர், 'சோம்பேறிக் கண்' (ஒரு கண்ணின் பார்வையை மூளை சரியாகப் பயன்படுத்தாத குறை) என்று எதுவாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். சோம்பேறிக் கண்ணைச் சின்ன வயதில் சரிசெய்வது எளிது, தள்ளிப்போட்டால் கஷ்டம். வேலூர் ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது, உங்களுக்குத் தோதான வேறு கண் மருத்துவரிடம் போனாலும் சரி. 'இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பாருங்கள்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். எழுத்துப் பலகையை ஒவ்வொரு கண்ணாகப் படிப்பதில் இது அகப்படாது. இதற்கென்று ஒரு ஈ படம் வைத்திருப்பார்கள். தனிக் கண்ணாடி மாட்டிவிட்டு, இறக்கையைப் பிடிக்கச் சொல்வார்கள். ஆழம் தெரிகிற குழந்தை தாளைத் தொடாமல் அதற்கு மேலே அந்தரத்தில் கிள்ளும். தெரியாத குழந்தை தாளிலேயே விரலை வைக்கும்.

கிட்டப் பார்க்கும்போது கண்கள் போதிய அளவு உள்நோக்கித் திரும்பாத குறை சிலருக்கு உண்டு. அதற்குப் பயிற்சிதான் வைத்தியம், பலனும் உண்டு. ஆனால் அதைப் பரிசோதித்துவிட்டு மருத்துவர் சொல்லித் தருவார். மகள் இப்போது கண்ணாடி போடுகிறாள் என்றால், அதுவரை யார் சொன்னாலும் கழற்ற விடாதீர்கள்.