25 நாளா, 15 நாளா?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க் கதிர்வீச்சு 15 நாள்தான் என்கிறார்கள், பக்கத்து வீட்டு அக்காவுக்கு 25 நாள் கொடுத்தார்களே, சிகிச்சையைக் குறைத்துவிட்டார்களா என்று கேட்டீர்கள். 15 நாள் போதும்ங்க, அம்மாவுக்குச் சிகிச்சையைக் குறைக்கவில்லை. பழைய கணக்கு தினம் 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் 25 நாள்; இது தினம் சுமார் 2.67 வீதம் 15 நாள். பிரிட்டனில் நோயாளிகளைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், 15 நாள் முறையில் நோய் திரும்புவது கூடவில்லை. மார்பகம் சுருங்குவது, வீங்குவது குறைவுதான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு 25 கொடுத்தது மார்பகச் சீரமைப்பு (எடுத்த மார்பகத்தை மறுபடி உருவாக்கும் அறுவை சிகிச்சை) செய்ததால் இருக்கலாம்.

அம்மாவுக்கு இடது பக்க மார்பகம் என்றீர்களே, அதைத்தான் நான் கவனிப்பேன். திட்டமிடும் ஸ்கேனில் மூச்சை இழுத்துப் பிடிக்க வைத்தார்களா என்று கேளுங்கள். நுரையீரல் விரிந்தால் இதயம் கதிரிலிருந்து விலகும். வீட்டிலேயே பழகச் சொல்லுங்கள்.

கோபியிலிருந்து கோவைக்குத் தினமும் பஸ் அலைச்சல்தான், ஆனாலும் நடுவில் நாள் விட வேண்டாம். முடிந்த பிறகும் ஓரிரு வாரம் தோல் சிவப்பு கூடலாம்; மஞ்சள், எண்ணெய் எதுவும் டாக்டரைக் கேட்காமல் பூசாதீர்கள்.