13-இன் காரணிக்கு எதற்குத் தனி வகுப்பு?

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு. 13-இன் காரணிகளைக் கேட்டதற்கு 13, 26, 39 என்று எழுதி மார்க் போய்விட்டது. வாய்ப்பாடு நன்றாகவே சொல்வாள். வேகக் கணித வகுப்பில் சேர்த்தால் சரியாகும் என்கிறார்கள். சேர்க்கலாமா? (ஒரு தாய், பெருந்துறை)

பதில்: வேண்டாங்கம்மா. பிள்ளைக்குப் பெருக்கல் தெரிகிறது. காரணி, மடங்கு என்ற இரண்டு சொற்கள்தான் குழம்பிவிட்டன. அவள் எழுதியது 13-இன் மடங்குகள், அதாவது 13-ஐ 1, 2, 3 என்று பெருக்கினால் வருபவை. காரணி என்றால் 13-ஐ மீதியில்லாமல் வகுக்கிற எண். விடைத்தாளில் சிவப்பாகச் சுழித்தவர் பக்கத்தில் ‘இது மடங்கு’ என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் உங்களுக்கு இந்த அலைச்சலே இல்லை. தாளைத் திருத்துகிறார்கள், பிள்ளையைத் திருத்துவதில்லை.

நாமக்கல் முட்டை வருகிற அட்டையைக் காட்டுங்கள். வரிசைக்கு ஆறு, ஐந்து வரிசை, மொத்தம் 30. ஆகவே 5, 6 இரண்டும் 30-இன் காரணிகள். அப்புறம் 13 புளியங்கொட்டையைக் கொடுத்துச் சம வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். இரண்டிரண்டாக வைத்தால் ஒன்று மிஞ்சும். மும்மூன்றாக, நான்கு நான்காக வைத்தாலும் ஒன்று மிஞ்சும். ஐந்தைந்தாக வைத்தால் மூன்று. கடைசியில் ஒரே ஒரு நீண்ட வரிசைதான் அமையும்: 1 × 13. காரணிகள் 1, 13 மட்டும். அதனால்தான் அது பகா எண்.

உடனே, “அப்போ 1?” என்பாள். பகா எண்ணுக்கு வெவ்வேறான இரண்டு காரணிகள் வேண்டும். 1-க்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதையும் சேர்த்தால், 30 = 2 × 3 × 5 என்பதை 1 × 2 × 3 × 5 என்றும், 1 × 1 × 2 × 3 × 5 என்றும் முடிவில்லாமல் எழுதலாம். 1-ஐ விடப் பெரிய எந்த எண்ணையும் பகா எண்களாக ஒரே விதமாகத்தான் பிரிக்க முடியும் என்ற விதியே உடைந்துபோகும். அதனால் 1 பகா எண்ணுமல்ல, இரண்டுக்கு மேல் காரணிகள் உள்ள பகு எண்ணுமல்ல. இதை அவள் வாயால் ஒருமுறை சொல்லட்டும்.

நான் பார்த்த ஒரு வேகக் கணித மையத்தில் ஒரு சிறுவன் 19-ஆம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். பெற்றோர் கைதட்டினார்கள். 19-இன் காரணி கேட்டேன், விழித்தான். கட்டணம் வாங்குவது அந்தக் கைதட்டலுக்குத்தான். ‘வாய்ப்பாட்டில் வராதது பகா எண்’ என்று வேறு சொல்லிக்கொடுக்கிறார்கள். தப்பு. பத்து வரை படித்த வாய்ப்பாட்டில் 91 வராது, ஆனால் அது 7 × 13. பத்துக்கு மேல் 100 வரை உள்ள எண்ணை 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தால் போதும். எதிலும் வகுபடாவிட்டால் பகா எண்.

நாளைக்கு 24 கொட்டை கொடுங்கள். எட்டுக் காரணிகளையும் அவளே அடுக்கிக் காட்டுவாள்.