பிடி அரிசியும் வாசல் பையும்: கொழும்பு வீட்டுக்காரர்கள் கேட்ட கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் நடு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். 2022இல் காஸ் வரிசை, பால்மா வரிசை, 13 மணி நேரக் கறன்ட் வெட்டு எல்லாவற்றையும் ஒரு சம்பளத்தில் ஓட்டியவள். அப்போது எழுதத் தொடங்கிய குறிப்புக் கொப்பி இன்னும் குசினி லாச்சியில் கிடக்கிறது. 2025 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, அடுத்த நெருக்கடிக்கு வீட்டில் எதைச் சேர்த்து வைப்பது, எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்ரி, எங்களுக்குச் சம்பளம் 20ஆம் திகதியே முடிந்துவிடும். இதில் எதைச் சேர்த்து வைப்பது? (கிராண்ட்பாஸ்)

பிடி அரிசி. உங்கள் அம்மம்மாவைக் கேட்டால் அவவே சொல்லுவா. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்து வேறொரு தகரத்தில் போடுவது. ஒரு பிடி 40, 50 கிராம் வரும். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதம் முடியும்போது ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ. கடைக்குக் கொடுத்த காசு ஒன்றும் கூடவில்லை.

அரிசிக்கு அப்புறம் பருப்பு, உப்பு, சீனி, தேயிலை, நெத்தலி, சோயா மீற். மாதத்துக்கு ஒரேயொரு சாமானை மட்டும் கூடுதலாக ஒரு பைக்கற் வாங்குங்கள். இந்த மாதம் பருப்பு, அடுத்த மாதம் ரின் மீன். புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் இழுத்துச் சமையுங்கள். வீட்டில் யாரும் சாப்பிடாத எதையும் "அவசரத்துக்கு" என்று வாங்காதீர்கள். 2022இல் பயத்தில் 10 கிலோ கோதுமை மா வாங்கினேன். நாங்கள் ரொட்டி சுடுவதே வாரத்துக்கு ஒரு நாள். இரண்டாவது மாதம் சாக்கைத் திறந்தால் மா அசைகிறது! அரித்துப் பார்த்தேன், வண்டு போனது, மணம் போகவில்லை. கொட்டினேன். அந்தக் காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரியும்.

அதே ஆள்தான் அன்ரி. ஒரு பிடி குறைந்தால் பிள்ளைகளுக்குக் காணாமல் போகுமே?

அப்படியென்றால் எடுக்காதீர்கள். பிள்ளையின் கோப்பையிலிருந்து சேமிக்கிற வேலை நமக்கு வேண்டாம். தண்ணீரிலிருந்து தொடங்குங்கள், அதற்குக் காசு தேவையில்லை.

வெள்ளவத்தையில் ஏழாவது மாடி. கறன்ட் போனால் பம்ப் நிற்கும், அரை நாளில் பைப் காய்ந்துவிடும். எவ்வளவு தண்ணீர் பிடித்து வைக்கலாம் அக்கா?

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளைக்கு 3 லீற்றர் என்று கணக்குப் போடுங்கள். நாலு பேர், மூன்று நாள் என்றால் 36 லீற்றர். ஐந்து லீற்றர் கான் எட்டு இருந்தால் சரி. கட்டிலுக்குக் கீழே இரண்டு வரிசையாக நிற்கும், விரிப்பு மறைத்துவிடும். சோடாப் போத்தல்களும் நல்லவை. பால் இருந்த போத்தல் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் மணம் நிற்கும்.

கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற வேறு தண்ணீர் வேண்டும். அதற்கு மூடியுள்ள பெரிய வாளி ஒன்று. அரிசி கழுவிய தண்ணீரையும் கொட்டாமல் அதற்கே வைக்கலாம். கான் தண்ணீரை மாதம் ஒரு முறை உடுப்புத் தோய்க்க எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். யாரும் வைக்கச் சொல்லாத ஒரு விதியும் எங்கள் வீட்டில் உண்டு: வானம் கறுத்தால் முதலில் வாளி, அப்புறம்தான் கொடியில் இருக்கிற உடுப்பு.

தண்ணீர் சந்தேகமாக இருந்தால் கொதிக்க வையுங்கள். குமிழி பொங்கிக் கொதிக்கத் தொடங்கி ஒரு நிமிடம் போதும், பத்து நிமிடம் காஸை எரிக்கத் தேவையில்லை. அடுப்பே இல்லையென்றால், வாசனை சேர்க்காத சாதாரண பிளீச், 5 வீதம் குளோரின் உள்ளது, லீற்றருக்கு இரண்டு துளி. கலக்கி அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். கலங்கல் தண்ணீர் என்றால் முதலில் பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து வடித்துக்கொள்ளுங்கள். மழைவெள்ளம் ஏறிய கிணறு என்றால் இந்தக் கைவைத்தியம் போதாது. பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குளோரின் போட்டு, குடிக்கலாம் என்று சொல்லும் வரை தொடாதீர்கள்.

தண்ணீர் பிடித்து வைத்தால் டெங்கு வராதா?

மூடாமல் வைத்தால் வரும். வாளியை வாரம் ஒரு முறை காலியாக்கி, உள்பக்கச் சுவரைத் தும்புத் துண்டால் உரசிக் கழுவுங்கள். நுளம்பு முட்டை சுவரில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, உரச வேண்டும். பிறிஜ்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டையும் பாருங்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான்.

காஸ் சிலிண்டர் ஒன்றுதான் இருக்கிறது. எப்போது முடியும் என்று தெரியாமல் நடுச் சமையலில் நிற்கிறோம். மிச்சப்படுத்தவும் வழி சொல்லுங்கள். (மட்டக்குளி)

முதலில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். மேல் பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். திரவமாகக் காஸ் இருக்கிற பகுதி மெதுவாகக் காயும், ஈரம் ஒரு கோடு போட்டதுபோல நிற்கும். அந்தக் கோடுதான் உங்கள் மட்டம். மாட்டிய திகதியைச் சோக்கால் சிலிண்டரிலேயே எழுதுங்கள். மூன்று சிலிண்டர் மாறினால் உங்கள் வீட்டுக்கு 12.5 கிலோ எத்தனை நாள் என்று கைவசமாகிவிடும்.

மிச்சம் பிடிக்க நான் செய்வது போர்வைச் சமையல். இரவே ஊற வைத்த அரிசியை, மூடி இறுக்கமான கனத்த பானையில், வழமையை விடக் கொஞ்சம் குறைந்த தண்ணீரில் போட்டு, நன்றாகக் கொதி வந்ததும் ஐந்தாறு நிமிடம் விடுகிறேன். அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல், பானையைப் பழைய பேப்பரில் சுற்றி, துவாயில் சுற்றி, கடைசியில் கம்பளியால் மூடி ஒரு அட்டைப்பெட்டிக்குள் இறக்கிவிடுவேன். முக்கால் மணி நேரத்தில் சோறு. முதல் நாள் என் மகள், "அம்மா, சோற்றுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். திறந்தபோது வந்த ஆவியில் அவளுடைய கண்ணாடி மங்கியது, பிறகு பேச்சில்லை. சூட்டோடு சாப்பிடுங்கள். காலையில் சுற்றியதை இரவு வரை வைத்திருக்கக் கூடாது, வெதுவெதுப்பில் சோறு கெட்டுவிடும்.

கடலை, பயறு எல்லாம் இரவே ஊறட்டும். தேநீருக்கு ஒவ்வொரு முறையும் அடுப்பு மூட்டாமல் காலையில் ஒரே தடவை சுடுதண்ணீர்ப் போத்தலை நிரப்பிவிடுங்கள். ரியூப் இணைப்பில் மாதம் ஒரு தடவை சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. காஸ் மணந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், மின்விசிறியும் போடாதீர்கள். அது காற்றை விடக் கனம், நிலத்தோடு நிற்கும். கதவையும் யன்னலையும் திறந்துவிட்டு வெளியே போங்கள்.

பிளாட்டுக்குள் சிரட்டைக்கரி அடுப்பு வைக்கலாமா அக்கா?

கூடாது. யன்னல் திறந்திருந்தாலும் கூடாது. கரி விடுகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தலை சுற்றும்போதுதான் தெரியும், அப்போது எழும்ப முடியாது. மொட்டை மாடி இருந்தால் அங்கே வையுங்கள். பெற்றோல் கானையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

மெழுகுதிரி விலையைப் பார்த்தால் குப்பி விளக்கே மேல் போல இருக்கிறது. (வத்தளை)

மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு விழுந்தால் எண்ணெய் பாயும், பாயிலோ சீலையிலோ பற்றும். நம் நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் இப்படி எரிந்திருக்கிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடக்கும்புர, குட்டையாக, கனமாக, இரண்டு பக்கம் தட்டையாக, திருகுமூடி உள்ள ஒரு கண்ணாடி விளக்கைச் செய்தார். சாய்ந்தாலும் உருளாது, எண்ணெயும் கொட்டாது. மார்மைட் போத்தலைப் பார்த்து வந்த யோசனை. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. குப்பி விளக்குத்தான் என்றால் அந்த மாதிரி குட்டைப் போத்தலாகத் தேடுங்கள். என்னைக் கேட்டால் ஒரு சின்ன எல்.ஈ.டி ரோச் போதும். ரோச்சை நிமிர்த்தி வைத்து, மேலே தண்ணீர் நிரம்பிய வெள்ளைப் போத்தலை நிறுத்துங்கள். அறை முழுக்க வெளிச்சம் பரவும், பிள்ளை படிக்கலாம்.

அம்மாவுக்கு இன்சுலின். கறன்ட் நீண்ட நேரம் போனால் என்ன செய்வது அக்கா? (பம்பலப்பிட்டி)

பிறிஜ்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும், அதுவரை பதற வேண்டாம். பாவிக்கத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும் நாலு வாரம் வரை வெளியில் இருக்கலாம், ஆனால் 30 பாகைக்கு மேல் சூடு படக்கூடாது. பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள், கிளினிக் டொக்டரிடமும் ஒருமுறை கேளுங்கள். ஐஸ் கட்டியில் நேரே வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து போச்சு. இரண்டு மண்சட்டிக்கு நடுவே ஈர மணல் போட்டுக் குளிராக்குவார்களே, அது நம் ஊர்ப் புழுக்கத்தில் அவ்வளவு வேலை செய்யாது. மண்சட்டி வாங்குவதற்கு முன் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற தூள்) பைக்கற் நாலும் இரண்டு கிழமைக்கான மாத்திரையும் வாங்குங்கள்.

வெல்லம்பிட்டியில் இருக்கிறோம். 2016லும் வந்தது, 2025இல் டித்வா புயலோடும் வந்தது. எப்போது கிளம்ப வேண்டும் என்றே தெரிவதில்லை.

நாகலகம் வீதி அளவுகோலின் எண்ணைப் பாருங்கள். களனி கங்கை அங்கே 5 அடி தொட்டால் சிறு வெள்ளம், 7 அடி தொட்டால் பெரு வெள்ளம். முந்திய வெள்ளத்தில் அந்த எண் என்னவாக இருந்தபோது உங்கள் வாசற்படி நனைந்தது என்று அயலில் ஒரு முதியவருக்குத் தெரிந்திருக்கும். அதைக் கேட்டுச் சுவரில் எழுதுங்கள். மேலே ஹங்வெல்லையில் ஏறினால் கீழே வர நேரம் எடுக்கும், அந்த நேரம்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அம்புலன்சுக்கு 1990. தண்ணீர் வடிந்த பிறகு வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும்.

அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு கிளம்ப வாசலில் ஒரு பை வைக்கச் சொல்கிறார்கள். அதில் என்ன இருக்க வேண்டும்? (தெமட்டகொட)

எங்கள் அம்மா 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு சாகும் வரை கதவோடு ஒரு பை வைத்திருந்தா. நாங்கள் சிரிப்போம். உள்ளே அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஒரு செட் உடுப்பு, தாலிக்கொடி அடகுச் சீட்டு. இன்று நான் வைப்பதும் அதேதான், ரோச்சும் பவர் பாங்கும் மருந்தும் கூடியிருக்கின்றன. கடதாசி எல்லாம் இறுக்கமான பிளாஸ்ரிக் உறைக்குள் போகட்டும். காசு 100, 500 ரூபாத் தாள்களாக இருக்கட்டும். கறன்ட் இல்லாத நாளில் ஏ.ரி.எம்மும் இல்லை, 5000 தாளுக்கு மிச்சம் தர கடைக்காரரிடம் சில்லறையும் இல்லை.

பல்கனியில் ஏதாவது வளர்க்கலாமா? (தெஹிவளை)

கங்குன் கீரையும் வல்லாரையும். சந்தையில் வாங்கிய கங்குன் தண்டில் இரண்டு கணு விட்டு வெட்டி, பெயின்ற் வாளியில் மண்ணும் தும்புத்தூளும் கலந்து ஊன்றுங்கள். தண்ணீர்ப் போத்தலில் நிறுத்தி வைத்தால் நுளம்புதான் வளரும். மிளகாய் ஒன்று, ரம்பை ஒன்று. இதில் வயிறு நிறையாது, கீரைக் காசு மிச்சம், அவ்வளவுதான்.

எங்கட வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறார் அன்ரி. (அதே தெமட்டகொட)

அந்த வாசல் பையை அவரிடமே கொடுத்து, மாடிப்படி இறங்கித் திரும்பி வரச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் பாதியை எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.